இடுப்பெலும்பில் ஒரு புள்ளி

அணு மருத்துவப் பிரிவில் வேலை என்று கேட்டதுமே அவளுடைய நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். கதிர்வீச்சுக்குப் பக்கத்தில் நிற்பவளுக்குக் குழந்தை எப்படித் தங்கும் என்று வீடே கிசுகிசுத்தது. இவள் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று கதிரியக்க மருந்தை அளந்தாள், ஊசி போட்டாள், படம் எடுத்தாள். நடுவில் இரண்டு பிள்ளைகளையும் பெற்றாள். கடைசியில் தைராய்டு ஸ்கேனுக்கு வந்த நாத்தனார், ஊசியை இவள்தான் போட வேண்டும் என்று அடம்பிடித்தாள்.

பதினேழு வருஷம் ஓடிவிட்டது. ஒருநாள் மருந்து வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தது. நேரம் ஆக ஆக வீரியம் வடிந்துபோகிற மருந்து அது. வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, மருந்து எலும்பில் சேர்ந்த பிறகு ஒவ்வொருவராகப் படத்துக்குக் கூப்பிட்டாள்.

நான்காவதாகப் படுத்தவர் ஒரு தச்சர். புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படத்தில் வலது இடுப்பெலும்பின் ஓரமாகக் கருப்பாய் ஒரு புள்ளி தெரிந்தது. பரவிவிட்டது என்று டாக்டர் எழுதத் தொடங்கினார். அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

அவள் கூப்பிடவில்லை.

"டாக்டர், அது எலும்போட விளிம்பத் தாண்டி நிக்குது. இன்னொரு தடவ எடுத்துடறேன்."

வெளியே இருப்பவர்களுடைய உடம்பில் போட்ட மருந்து என்ன ஆவது என்று டாக்டர் எரிந்து விழுந்தார். அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

"பத்து நிமிஷம் குடுங்க. அப்புறம் நீங்க எத வேணாலும் எழுதுங்க."

தச்சரோடு வந்திருந்த மகளை ஒரு படிவம் நிரப்ப வெளியே அனுப்பிவிட்டு, அவர் பக்கத்தில் குனிந்தாள்.

"ஐயா, நாங்க போட்ட மருந்து சிறுநீர்லதான் வெளிய போகும். துணியில ஒரு சொட்டு பட்டாலும் படத்துல கட்டி மாதிரி காட்டும். நெறைய பேருக்கு நடக்கறதுதான்."

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவசரத்துல கொஞ்சம் நனைஞ்சிடுச்சும்மா. பொண்ணு கூட நிக்கறப்ப எப்படிச் சொல்றது?"

சோப்பும் தண்ணீரும் கொடுத்துக் கழுவச் சொன்னாள். புது அங்கி மாட்டினாள். கழற்றிய துணி தனிப் பைக்குள் போனது. மறுபடி நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். புள்ளி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

டாக்டர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எழுதிய வரியை அழித்தார். "நான் கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

எலும்பில் நோய் தெரியவில்லை என்ற செய்தியை டாக்டரே போய்ச் சொன்னபோது, மகள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏன் இரண்டு தடவை எடுத்தார்கள் என்று மகள் பிறகு கேட்டதற்கு, முதல் படம் சரியாக வரவில்லை என்று இவள் முடித்துக்கொண்டாள். தச்சர் தலையை மட்டும் ஆட்டினார்.

கடைசி நோயாளியின் உடம்பில் மருந்து பாதியாய்த் தேய்ந்திருந்தது. அவரைக் கூடுதல் நேரம் அசையாமல் படுக்க வைத்து அந்தப் படத்தையும் தெளிவாக வாங்கிய பிறகே அவள் கருவியை நிறுத்தினாள்.