எழுபதுக்குக் கீழே

1. டிராலியில் போனது

நான் விழுந்தது சாம்பார் அண்டாவுக்கு இரண்டடி தள்ளி. கொஞ்சம் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். முதலில் பாத்திரம் கழுவினேன். பிறகு காய் வெட்டினேன். அப்புறம் சாம்பாருக்கு வந்தேன். மதியத்துக்கு நானூறு சாப்பாடு. நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். ஆனால் நானூறு பேருக்கு உப்பு எவ்வளவு என்று என் கைக்குத் தெரியும்.

அன்றைக்குத் தரையில் கஞ்சி சிந்தியிருந்தது. பருப்பு வாளியோடு வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கப் பார்த்தேன், முட்டி கேட்கவில்லை. என்னோடு வேலை செய்த கஸ்தூரியும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. கடைசியில் அரிசி மூட்டை தள்ளும் டிராலியைக் கொண்டுவந்து, அதில் என்னை உட்கார வைத்து ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

சாப்பாட்டு மணி அடித்த நேரம். தட்டோடு வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"யக்கா, எத்தினி சிப்பம் கீது?" என்று வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். சிப்பம் என்றால் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அத்தனை வருஷத்தில் அந்த வரிசையின் நடுவில் நான் நின்று பேசியதுகூட இல்லை.

அந்த ரூமில் இருந்த நர்ஸ் பெயர் ஸ்டெல்லா சிஸ்டர். கொருக்குப்பேட்டைக்காரர். செருப்பைக் கழற்றச் சொல்லி மெஷின் மேல் ஏற்றினார். எண்பத்தாறு.

"மூணு சிப்பம், மேல பதினோரு கிலோ" என்று என் வாய் தானாகக் கணக்குச் சொன்னது. சிஸ்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், அதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வாரத்துக்கு ஒருநாள் வருகிற டாக்டர், முட்டியையும் பிரஷரையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எடை எழுபதுக்குக் கீழ வரணும்மா. வந்தா மட்டும் போதாது. வந்து, அதுக்கு அடுத்த வருஷாந்திர மெடிக்கல் வரைக்கும் அங்கயே நிக்கணும். அப்பத்தான் அடுப்புகிட்ட விடுவேன். அதுவரைக்கும் காய் வெட்டுங்க."

காய் வெட்டும் அறை பின்பக்கம், தனி. அண்டா பக்கம் நின்றால் கரண்டியோடு கரண்டியாக நாலு பேச்சு காதில் விழும். பரிமாறும் ஜன்னல் வழியாக வரிசையில் வருகிற முகங்களெல்லாம் தெரியும். நான் பேச மாட்டேன், ஆனாலும் பேச்சின் நடுவில் நிற்பேன். காய் அறையில் நானும் முட்டைக்கோசும்தான். வீட்டிலும் அப்படியே. வீட்டுக்காரர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகள் ஓசூரில் இருக்கிறாள். அதனால் எனக்கு அந்த அண்டாவுக்குத் திரும்பிப் போக வேண்டும். அது ஒன்றுதான் அப்போது மனதில் இருந்தது.

2. போர்டில் ஏறாத சோறு

"ஒரு நாளைக்கு இன்னா துன்றே?" என்று சிஸ்டர் கேட்டார்.

"ஒரு தட்டு சோறுதான் சிஸ்டர்."

"ஒரு தட்டு துன்னா எண்பத்தாறு வராதுக்கா. நல்லா யோசிச்சு சொல்லு."

நான் பொய் சொல்லவில்லை. தட்டில் போட்டுச் சாப்பிட்டது ஒன்றுதான். மிச்சமெல்லாம் நின்றபடி, குண்டானிலிருந்து.

கை கழுவும் இடத்துக்கு மேலே ஒரு கரும்பலகை மாட்டியிருந்தார்கள். 'இன்று வீணான உணவு' என்று பெயின்டில் எழுதி, பக்கத்தில் கிலோ போட இடம் விட்டிருக்கும். அண்டாவில் மிஞ்சியதை நிறுத்து அதில் எழுத வேண்டும். எண் ஏறினால் கம்பெனிக்காரர்கள் எங்கள் சூப்பர்வைசர் முருகேசனைக் கேட்பார்கள். முருகேசன் எங்களைக் கேட்பார். அதனால் மூன்று மணிக்கு மேல் நாங்கள் ஐந்து பெண்களும் மிஞ்சியதைச் சுற்றி நின்று சாப்பிட்டு முடிப்போம். பசியே இருக்காது. "போர்டுல ஏறாம நம்ம மேல ஏறட்டும், துன்னுடி தனம்" என்பாள் கஸ்தூரி. எல்லாரும் சிரித்துக்கொண்டே சாப்பிடுவோம். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஒரு நாளில் எனக்கு ரொம்பப் பிடித்த நேரமே அதுதான்.

இதைச் சொன்னதும் சிஸ்டர் என்னையே பார்த்தார். "அப்போ அந்த போர்டு உன் மேலதான்க்கா மாட்டிக்கீது. இனிமே மிஞ்சினத நிறுத்து எழுது. நீ துன்னாத."

மறுநாள் யாரும் கை வைக்கும் முன்பே நிறுத்து எழுதினேன். பதினாலு கிலோ. முருகேசன் காய் அறைக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது, பதினாலு கிலோ? இத்தினி வருசமா ரெண்டு கிலோ தாண்டல. இன்னிக்கு மட்டும் ஜனங்களுக்குப் பசி செத்துப் பூட்சா?"

கத்தியைக் கீழே வைத்தேன். "இத்தினி வருசமா அத நாங்க துன்னோம் சார்" என்றேன். அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஒரு வாரம் கத்தினார். அப்புறம் ஊறப் போடும் அரிசியைக் குறைத்தார். போர்டும் தானாக இறங்கியது. மூன்று மணிக்குச் சுற்றி நிற்க ஒன்றுமில்லாமல் போனது. மற்ற நாலு பேரும் சீக்கிரம் கிளம்ப ஆரம்பித்தார்கள். நான் காய் அறையில் தனியாக டீ குடித்தேன், சர்க்கரை போடாமல்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு சிஸ்டர் எடை பார்ப்பார். ஒரு மஞ்சள் அட்டை போட்டிருந்தார். "தனலட்சுமி, எண்பத்து மூணு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவார். என் முழுப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. சாப்பிட வருகிறவர்களும் காய் அறை ஜன்னலில் எட்டிப் பார்த்து, "யக்கா, இந்த வாரம் இன்னா ரீடிங்?" என்று கேட்பார்கள். நான் விரலால் காட்டுவேன். எண்பது. எழுபத்தேழு. எழுபத்து நாலு. முதல் நாள் சிப்பம் கேட்டவரே ஒருநாள், "அர மூட்ட எறக்கிட்டே போலக்கீதே" என்றார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடுத்த திங்கள் எப்போது வரும் என்று இருந்தது.

3. அட்டை டிராயருக்குள் போனது

ஒன்றே கால் வருஷம் ஆனது. ஒரு திங்கட்கிழமை, அறுபத்தொன்பதரை.

சிஸ்டர் கை தட்டினார். கஸ்தூரி கேசரி கிளறி எடுத்து வந்தாள். "எடை கொறஞ்சதுக்குக் கேசரியா? போடி லூசு" என்று சிஸ்டர் திட்டிவிட்டு, எனக்கு ஒரு ஸ்பூன் கொடுத்து மிச்சத்தை அவரே சாப்பிட்டார்.

பிறகு அட்டையை டிராயரில் வைத்து மூடினார். "ஜெயிச்சிட்டக்கா. இனிமே வாரா வாரம் வர வேணாம். பத்து மாசம் கழிச்சு மெடிக்கல்ல பாக்கலாம். அப்டியே வெச்சிக்கோ, அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன்.

அடுத்த திங்கள் காய் அறையில் பதினொரு மணிக்கு நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். மெஷினில் ஏறுவதற்காகக் கழற்றிப் பழகிய கால். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும்போதுதான் போக இடம் இல்லை என்று புரிந்தது. மறுபடி மாட்டிக்கொண்டு கேரட் சீவினேன்.

குறைக்கும்போது எல்லாரும் கூட வருகிறார்கள். வாரத்துக்கு ஒரு எண் இருக்கிறது, சொல்வதற்கு ஒரு சேதி இருக்கிறது. குறைந்த பிறகு என்ன சேதி? நேற்றும் அதே, இன்றும் அதே. ஜன்னலில் எட்டிப் பார்ப்பதும் நின்றுவிட்டது. என் தெருவில் மட்டும் கேட்டார்கள், அதுவும் வேறு மாதிரி. "இன்னா இப்டி எளச்சிட்டே? சுகரா? எதுனா பெரிய வியாதியா? எங்ககிட்ட மறைக்காத." ஒன்றுமில்லை என்று சொன்னால் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய கஷ்டம். கேன்டீன் லீவு. நானூறு பேருக்குச் சமைத்த கைக்கு ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியவில்லை. கொஞ்சமாகத்தான் போட்டேன் என்று நினைப்பேன், பானை நிறைய வந்துவிடும். காலையில் ஒரு தட்டு. கும்மிடிப்பூண்டி ரயில் வீட்டுக்குப் பின்னால் போகிற சத்தம் கேட்கும், இன்னும் ஒரு கரண்டி. எதிரில் உட்கார யாரும் இல்லாதபோது பானையைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது. பானை காலியாகும்வரை சாப்பிட்டேன். கொட்ட மனம் வராது. அந்த போர்டு என் தலைக்குள்ளேயே மாட்டியிருந்தது.

நாலைந்து மாதத்தில் ரவிக்கை கை இறுகியது. ஒருநாள் காலையில் கொக்கி போட முடியாமல் மூச்சை இழுத்துப் பிடித்துப் போட்டேன். அப்போது எனக்கு வந்தது கவலை இல்லை. சந்தோஷம். இனி சிஸ்டரிடம் போகலாம் என்று ஒரு சந்தோஷம். அதைக் கண்டு பயந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

4. சொல்ல வேண்டியிருந்தது

எழுபத்து நாலு. மெடிக்கலுக்கு இன்னும் ஐந்து மாதம்.

"இன்னாக்கா, எறக்கினத திரும்பி ஏத்திக்கினு வந்துகீறே? அண்டா வேணாமா உனுக்கு?" என்று சிஸ்டர் திட்டினார். திட்டிக்கொண்டே டிராயரைத் திறந்து மஞ்சள் அட்டையை எடுத்தார். "தனலட்சுமி, எழுபத்து நாலு." பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்தது.

மறுபடி திங்கட்கிழமைகள் வந்தன. ஏழே வாரத்தில் எழுபதுக்கு வந்துவிட்டேன். சிஸ்டருக்கே ஆச்சரியம். "இன்னும் ஒரு கிலோ, முட்சிட்டா நீ வர வேணாம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு பானை சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்து, மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டேன். பசியில் இல்லை. தெரிந்தே சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை எழுபத்தொன்றரை.

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இப்போ சொல்லு. இன்னா மேட்டரு?"

கதவுக்கு வெளியே இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, அவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னேன். "எறங்கிட்டா நீங்க வராதேன்னு சொல்லிடுவீங்க சிஸ்டர். ஏறினாத்தான் எம் பேரு எழுதுவீங்க."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இந்த ரூம்ல எத்தினியோ பேருக்கு அட்டை போட்டுக்கீறேன். எறங்கினா கை தட்டுவேன், ஏறினா திட்டுவேன். ஒரே எடையில நிக்கிறவங்கள நான் பாத்ததே இல்லக்கா. அவங்க இங்க வர்றதில்ல. நான்தானே வர வேணாம்னு அனுப்பிச்சுடறேன்." அப்புறம் பேனாவை எடுத்தார். "எறங்குனாலும் வா, நின்னாலும் வா. நின்னா 'நின்றது'ன்னு எழுதறேன். சத்தமாவே சொல்றேன், போதுமா?"

வீட்டுக்கு ஒரு வழியும் சொன்னார். சின்ன டம்ளர் ஒன்று எடுத்து வை, அதில் முக்கால் டம்ளர் அரிசிக்கு மேல் அளக்காதே. மிஞ்சினால் வீட்டிலும் போர்டு வைத்து எழுது. நான் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினேன். முதல் ஞாயிறு, 'ஒரு கரண்டி'. அதைக் காக்கைக்கு வைக்கும்போது கை கூசியது. யாராவது திட்டுவார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். திட்ட வீட்டில் ஆள் இல்லை.

அட்டையில் அதற்குப் பிறகு இப்படி இருக்கிறது: எழுபது. அறுபத்தொன்பதரை. நின்றது. நின்றது. கால் கிலோ ஏற்றம். நின்றது. நின்றது.

மெடிக்கல் அன்றைக்கு டாக்டர் மெஷினைப் பார்த்தார், பேப்பரில் கையெழுத்துப் போட்டார், "அடுத்த ஆளு" என்றார். அவ்வளவுதான். இத்தனை மாதம் நின்றதற்கு அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. எதிர்பார்த்துக்கொண்டு போயிருந்தேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

மறுநாள் அண்டா முன்னால் நின்றேன். வரிசையில் முதலில் வந்தவர் சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "யக்கா, உப்பு கம்மி" என்றார். அந்த ஒரு பேச்சுக்கே கண் எரிந்தது. மிளகாய் நெடி என்று துடைத்துக்கொண்டேன்.

5. இப்போது

மேலும் மூன்று வருஷம் சாம்பார் போட்டேன். பிறகு வயதைச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். கேட் பாஸ் இல்லாமல் சிஸ்டரிடம் போக முடியாது. கடைசி நாளில் அவர் மஞ்சள் அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டார்.

என் தெருமுனையில் ஒரு அண்ணாச்சியின் அரிசிக்கடை இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வாசலில் சிப்பம் நிறுக்கும் தராசு போட்டிருப்பார். இரண்டு வாரம் அந்த வழியாகப் போய்ப் போய் வந்தேன். மூன்றாவது வாரம் கேட்டேன், திங்கட்கிழமைகளில் அதில் ஏறி நிற்கலாமா என்று. மூட்டையோடு மூட்டையாக நில்லுங்களேன் என்றார்.

இப்போது அதுதான் வழக்கம். பதினொரு மணிக்குப் போவேன். செருப்பைக் கழற்றி ஏறுவேன். அண்ணாச்சி தலையைத் தூக்காமல் கேட்பார்.

"அதேதானாம்மா?"

"அதேதான் அண்ணாச்சி."

சில வாரங்களில் நான் வாய் திறந்து பேசுவது அந்த ஒன்றுதான்.

அடுப்படி வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. மிஞ்சியதை போர்டில் எழுதுங்கள், வயிற்றில் போடாதீர்கள். வீட்டுக்கு ஒரு சின்ன டம்ளர் வைத்துக்கொள்ளுங்கள். ரவிக்கை இறுகினால் அன்றைக்கே பாருங்கள். எடை இறங்கும்போது கூப்பிடாமலே ஆள் வரும். நிற்கும்போது யாரும் வர மாட்டார்கள். அப்போது நீங்களாகப் போய், நானும் வரலாமா என்று கேட்க வேண்டியிருக்கும். வெட்கமாக இருக்கும். வாய் திறக்காத நானே கேட்டேன்.

போன மழையில் தெருவில் முட்டிவரை தண்ணீர். ஒரு திங்கள் போக முடியவில்லை. அடுத்த வாரம் தராசில் ஏறினேன். அண்ணாச்சி அன்றைக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"போன வாரம் ஆளையே காணுமே? தண்ணியில எங்கயும் விழுந்து கெடக்கியளோன்னு நெனச்சேன்."

"இல்ல அண்ணாச்சி. நின்னுக்கினுதான் கீறேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்தேன். போன வாரத்துக்கு ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'கேட்டார்' என்று எழுதினேன். அதன் கீழே, அறுபத்தொன்பது. நின்றது.