ஒன்பதாம் படுக்கை, இரண்டு நாற்பது

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்களோடு நான் மல்லுக்கட்டப் போவதில்லை.

பத்தொன்பது வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். எத்தனையோ சாவைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "நம்ம மேட்ரன் அம்மாவைவிடவா?" என்று கேட்டுச் சிரிப்பேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, நாய் ஊளை என்றெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு வந்தது பட்டப்பகலில். மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு.

எங்கள் வார்டில் ஒரு தையல்கார அம்மா. பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்து ஒன்பதாம் படுக்கையில் இருந்தார். ஊசி குத்தாமல் இருக்க நடுவிரலில் மாட்டிக்கொள்ளும் சின்ன இரும்புக் குப்பி ஒன்று வைத்திருந்தார். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்து கண் விழித்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை, அதைத்தான் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். வலி வந்தால் அந்த விரலால் கட்டில் கம்பியைத் தட்டுவார். டிக்... டிக்... டிக். நாங்கள் போனால் ஒரே பேச்சு.

"வலிக்குது சிஸ்டர். எழுதிக்கோங்க. எழுதிட்டீங்களா சிஸ்டர்?"

ஒரு நாளைக்கு இருபது தடவை. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அவருடைய கேஸ் ஷீட்டில் எழுதினேன்: "வலியை மிகைப்படுத்துகிறார். நடிக்கிறார்."

எங்கள் வார்டில் ஒரு பழக்கம் உண்டு. அடுத்த டியூட்டிக்கு வருகிறவர் மேலே இருப்பதைப் பார்த்து அப்படியே கீழே எழுதுவார். முப்பது பேருக்கு இரண்டு நர்ஸ். உட்கார்ந்து யோசிக்க யாருக்கு நேரம்? நான் எழுதிய அந்த வரி இரண்டு நாளில் ஆறு முறை இறங்கி வந்துவிட்டது. டாக்டரும் அதைப் படித்துவிட்டு, தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு நாற்பது. ஒன்பதாம் படுக்கையிலிருந்து பெல் அடித்தது. நான் மேஜையில் உட்கார்ந்து மொத்த வார்டுக்கும் ஷீட் எழுதிக்கொண்டிருந்தேன். பெல் அடிக்க அடிக்கவே அவருடைய ஷீட்டில் எழுதினேன்: "தூங்குகிறார். தொந்தரவு இல்லை."

நான் போகவில்லை.

மூன்று பத்துக்குத் தரை துடைக்க வந்த அக்காதான் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். வயிற்றுக்குள்ளே ரத்தம் கசிந்து, எல்லாம் முடிந்திருந்தது.

அவருடைய மகள் என்னிடம் கேட்டாள். "அம்மா கடைசியா ஏதாவது சொன்னாங்களா சிஸ்டர்?"

"தூங்கிட்டு இருந்தாங்கம்மா. ஷீட்லயே இருக்கு, பாருங்க."

அவள் அந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு நகல் வாங்கிக்கொண்டு போனாள். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ஏழு மாதம் கழித்து எனக்குக் குடல்வால் ஆபரேஷன். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே. காலியாக இருந்தது ஒரே ஒரு படுக்கை. ஒன்பது.

மறுநாள் காலை பதினொன்று இருபதுக்கு வலி ஆரம்பித்தது. தையல் வலி எனக்குத் தெரியாதா? இது வேறு. பெல் அடித்தேன். என் ஜூனியர் பெண் வந்தாள்.

"ஊசி போட்டு ஒரு மணி நேரம்தானே ஆச்சு? கொஞ்சம் பொறுத்துக்கோங்க அக்கா."

பன்னிரண்டு நாற்பத்தைந்துக்கு டாக்டர் வந்தார். ஷீட்டைப் புரட்டினார். வயிற்றைத் தொடவே இல்லை. சிரித்தார்.

"நீங்களே இப்படிப் பண்ணலாமா சிஸ்டர்?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் போனதும் ஜூனியரிடம் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன்.

"வலியை மிகைப்படுத்துகிறார். நடிக்கிறார்."

என் கையெழுத்து. என் சாய்வு, என் சுழி, என் பச்சை மை. என் வலது கையில் சலைன் ஊசி குத்திக் கட்டுப் போட்டிருந்தார்கள். முந்தின நாளிலிருந்து நான் பேனாவையே தொடவில்லை.

"இதை யாரு எழுதினது?"

"தெரியலக்கா. காலையிலேர்ந்து இருக்கு. அதைப் பார்த்துத்தான் நாங்களும் எழுதறோம்."

"அடிச்சுடு அதை."

"எழுதினதை அடிக்கக் கூடாதே அக்கா. நீங்கதானே எப்பவும் சொல்லுவீங்க..."

போய்விட்டாள்.

இரண்டு மணி. வயிறு இறுகிக்கொண்டே வந்தது. தொட்டால் கல். பெல்லை அழுத்தினேன். யாரும் வரவில்லை.

இரண்டு இருபது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. என் நாடியை நானே பிடித்துப் பார்த்தேன். நூற்று இருபதுக்கு மேல். உள்ளே ரத்தம் போகிறது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சாகப் போகிறேன் என்று தெரிந்தும் அதைச் சொல்ல ஆள் இல்லை.

இரண்டு முப்பத்தைந்து. வார்டின் கோடியில் மேஜை தெரிந்தது. ஜூனியர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பெல் அடிக்க அடிக்க எழுதினாள்.

என்ன எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு முப்பத்தெட்டு.

டிக்...

வலது பக்கக் கம்பி.

டிக்... டிக்...

நான் தட்டவில்லை.

கழுத்தைத் திருப்பினேன். கம்பியின் மேல் ஒரு விரல். விரலில் இரும்புக் குப்பி.

அவ்வளவுதான் இருந்தது. கை இல்லை. ஆள் இல்லை.

இரண்டு நாற்பது.

"எழுதிட்டாங்களா சிஸ்டர்?"

காதுக்குப் பக்கத்தில்... மூச்சுச் சூடு இல்லாமல்.

"இல்லை" என்றேன்.

இருட்டிவிட்டது.

கண் விழித்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். மூன்று நாள் போயிருந்தது. ஜூனியர் பக்கத்தில் நின்று அழுதாள்.

"யாரோ ஷீட்ல எழுதினதாலதான் பிழைச்சீங்க அக்கா. டாக்டர் வேற பேஷண்டைப் பார்க்க வந்தவரு, மேஜையில திறந்து கிடந்ததைப் படிச்சுட்டு ஓடினாரு. நான்... நான் உங்ககிட்ட வரவே இல்ல அக்கா. மன்னிச்சுடுங்க."

ஷீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். முதலில் அவள் எழுதிய வரி: "தூங்குகிறார். தொந்தரவு இல்லை." அதற்குக் கீழே பச்சை மையில், என் கையெழுத்தில்:

"மதியம் 2:40. வலி உண்மை. வயிறு கல்லாக இருக்கிறது. நாடி 130. டாக்டர் உடனே வர வேண்டும்."

என் கையொப்பம். பக்கத்தில் தேதி.

அது அன்றைய தேதி இல்லை. ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி. தையல்கார அம்மா செத்துப்போன நாள்.

அந்த வரியை அன்றைக்கு அவருடைய ஷீட்டில் நான் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அவருக்குச் சேர வேண்டிய வரியை வாங்கி நான் உயிரோடு இருக்கிறேன்.

நடக்க முடிந்ததும் அவருடைய மகளின் வீட்டைத் தேடிப் போனேன். உண்மையைச் சொல்ல வந்தேன் என்றேன். அவள் உள்ளே போய் நகலை எடுத்து வந்து என் முன்னால் விரித்தாள்.

இரண்டு மணிக்கு ஒரு வரி. மூன்று பத்துக்கு ஒரு வரி. நடுவில் இரண்டு நாற்பதுக்கு நேராக... காலி.

"இதுல எழுதியிருந்துச்சே" என்றேன்.

"அன்னைக்கு நீங்க காட்டினப்பவும் காலியாத்தான் இருந்துச்சு சிஸ்டர். அதை எப்படிக் கேட்கறதுன்னு எனக்குத் தெரியல. அம்மா என்ன சொன்னாங்க?"

சொன்னேன். பெல் அடித்ததை, நான் உட்கார்ந்திருந்ததை, எல்லாவற்றையும். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு பேனாவைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அதை எழுதிக் குடுங்க."

காலி இடத்தில் அன்றைய தேதி போட்டு, நான் போகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை ஏழு பதினைந்துக்கு அவளிடமிருந்து போன்.

"சிஸ்டர்... மறுபடி காலியா இருக்கு."

திரும்பப் போய் எழுதினேன். திரும்பவும் போன். மூன்றாவது முறை நான் போனபோது அவள் கதவைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் கொடுத்தேன். வெறும் தாளை எதற்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

வேலையை விட்டுவிட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். மேலே, பெல் அடித்துக்கொண்டிருந்தது என்று சொன்ன இடத்துக்குக் கீழே, இரண்டே சொல்லில் தனி வரியாக அதை எழுதியிருக்கிறேன். நான் திருப்பிப் படிக்கும்போது அந்த இடம் வெள்ளையாக இருக்கிறது.

உங்களுக்காவது தெரிகிறதா?