நாலாம் வருசத்து ஓலை

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை எழுப்பி ஐம்பது வருசம் ஆகியிருக்கும். அப்போது வந்த பஞ்சத்தில் ஏரியே வற்றிச் சேறாகிவிட்டது. மீன் என்று மிச்சம் இருந்தது முகத்துவாரத்துப் பள்ளத்தில் மட்டும்தான்.

யார் எங்கே வலை போடுவது என்பதற்குக் குப்பத்தில் வருசா வருசம் சீட்டு எடுப்பார்கள். வலை போடும் இடத்துக்குப் பாடு என்று பேர். பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு பாடு, பானைக்குள் பன்னிரண்டு ஓலை நறுக்கு. கைக்கு வந்த பாடுதான் அந்த வருசத்துச் சோறு. மாற்றிக் கேட்கிற வழக்கமே கிடையாது.

நீலமேகத்துக்கு மூன்று வருசமாகக் கரையோரத்துச் சேற்றுப் பாடே விழுந்தது. நல்ல பாட்டாளி, குடி கிடையாது, மகள் இருசம்மாள் என்றால் உயிர். ஆனால் இந்த ஓலை விஷயத்தில் மட்டும் அவனுக்குப் புத்தி மழுங்கிப் போயிருந்தது. மைத்துனன் குப்பன், தெற்கே கஞ்சி ஊற்றும் ஊருக்குக் கிளம்பியபோது வந்து கெஞ்சினான்.

"நடக்கத் தெம்பு இருக்கும்போதே வந்துடு மாமா. இல்லாட்டி புள்ளையயாவது என்கூட அனுப்பு."

"இன்னாத்துக்குடா? மூணு வாட்டி கெட்டது வந்தாச்சு, இந்த வாட்டி நல்லதுதான் வரணும். சீட்டுக்குப் பன்னெண்டு நாளுதானே கீது."

போன வருசம் யாருக்கு எது விழுந்தது என்று ஓலைக்கு ஞாபகம் இருக்குமா? பானைக்கு இவனைத் தெரியுமா? யாராவது கேட்டிருந்தால் அடிக்கப் போயிருப்பான்.

பன்னிரண்டு நாள் என்பது வயிறு நிறைந்தவன் போடும் கணக்கு. பத்து வயதுப் பெண் ஐந்தாம் நாளே சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள். ஒன்பதாம் நாள் பசிக்கிறது என்று சொல்வதையும் நிறுத்திவிட்டாள். அவன் மனைவி கோவிந்தம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று வருசம் கெட்டது விழுந்த தலையெழுத்துக்கு நாலாவதும் அதுதான் விழும் என்பது அவள் முடிவு. பாவிகள், இரண்டு பேரும் நம்பியது அதே மூன்று ஓலையைத்தான்.

பன்னிரண்டாம் நாள் காலையில் நீலமேகம் பானைக்குள் கையை விட்டான். முகத்துவாரம் வந்தது. ஓலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். கோவிந்தம்மா அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"புள்ள எங்கடி?"

"கப்பலுக்கு ஆள் ஏத்துற படகு வந்துச்சு. அனுப்பிட்டேன்."

கடல் தாண்டி ஆட்களை அடிமையாகக் கொண்டுபோகிற ஒல்லாந்தர் கப்பல் அது. போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை. அவளுக்கும் தெரியும்.

"அங்க கஞ்சி ஊத்துறாங்களாம். இங்க இருந்தா நாளைக்கு இருக்க மாட்டா. உனக்குத்தான் எதுவும் விழாதே."

"விழுந்துடுச்சுடி. முகத்துவாரம் விழுந்துடுச்சு."

"ஏறும்போது நைனா எங்கேன்னு கேட்டா. பின்னாடி வரும்னு சொன்னேன்."

அவன் கரைக்கு ஓடினான். கப்பல் பாய் விரித்துவிட்டிருந்தது. மகள் பேரைச் சொல்லிக் கத்தினான். கட்டுமரத்தில் ஏறித் துடுப்புப் போட்டான், அலை அவனைத் தூக்கி மணலில் எறிந்தது.

அன்றைக்கே வலை போடாவிட்டால் பாடு அடுத்தவனுக்குப் போய்விடும். சாயங்காலம் போட்டான். மடவையும் இறாலுமாக வலை கனத்து வந்தது. கோவிந்தம்மா சுட்டு வைத்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். அழுதுகொண்டே தின்றார்கள், முள்ளைக்கூட விடவில்லை.