ஆறு பேர் ஆடிய ஆட்டம்

எங்கள் வீட்டில் அந்நாளில் ஓர் உறுதியான நம்பிக்கை இருந்தது. ஓரிடத்திலிருந்து அழைப்பு வந்தால் வீட்டுக்கு ஒருவர் போனால் போதும், எல்லோரும் போனதாகிவிடும். ஹவுன்ஸ்லோவில் கலியாணம் என்றால் அப்பா போவார். அதே நாளில் ஃபாரஸ்ட் கேட்டில் இறந்த ஒருவருக்கு அந்தியேட்டிக் கிரியை என்றால் அம்மா போவார். லண்டனின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை உறவுகள் சிதறிக் கிடக்கையில் வேறெப்படித்தான் சமாளிப்பது?

ஆகவே, அக்கா வலைப்பந்துக் கழகத்தில் சேர்ந்தபோது வந்த உறுதிமொழித் தாளையும் அப்பா அந்தக் கண்ணாலேயே வாசித்திருக்க வேண்டும். பயிற்சிக்குத் தவறாமல் வருவேன், போட்டி நாளில் அணியைக் கைவிடமாட்டேன் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. அப்பா எங்கள் எல்லோர் சார்பிலும் கையெழுத்திட்டார்.

அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்குப் பத்து. அவளுடைய அணியில் சரியாக ஏழு பேர். மேலதிகமாக ஒருத்தி இல்லை. எதிரணியின் பந்தை வலைக்குப் போகவிடாமல் மறிப்பது அக்காவின் வேலை. குட்மேய்ஸில் எங்கள் வீட்டுப் பின்வளவில், துணி காயப்போடும் கம்பிக்கு மேலாகப் பந்தை எறியச் சொல்லி மழையிலும் என்னை நிற்கவைப்பாள். நான் எவ்வளவு உயர எறிந்தாலும் அது அவள் விரல் நுனியைத் தாண்டாது. நகங்களை ஒட்ட வெட்டிய, குளிரில் வெடித்த அந்த விரல்களை இன்றும் என்னால் துல்லியமாக நினைவுகூர முடிகிறது. முகத்தைத்தான் சில நாட்களில் புகைப்படம் பார்த்து மீட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பருவத்தின் கடைசிப் போட்டி வந்தது. வென்றால் அணி மேற்பிரிவுக்குப் போகும். அதே ஞாயிற்றுக்கிழமை, லண்டனின் மறு மூலையில், ஹவுன்ஸ்லோவில், பெரியப்பாவின் மகள் வயதுக்கு வந்ததற்கான சாமத்தியச் சடங்கு.

“ஏழு பிள்ளையள் தட்டுத் தூக்க வேணும். நீ இல்லாட்டி ஒண்டு குறையும்,” என்றார் அம்மா.

“அங்கையும் ஏழு பேர்தானம்மா.”

“அதுக்கேன் முகத்தைத் தூக்கிறாய்? அங்கை சின்னவள் போவாள்தானே,” என்றார் அப்பா. ஒரு பெரும் சிக்கலைத் தீர்த்துவைத்த நிம்மதியோடு தேநீரை எடுத்துக்கொண்டார்.

அன்று அக்காவின் சீருடையில் நான் மைதானத்தில் இறங்கினேன். பாவாடை முழங்காலுக்கு வெகு கீழே தொங்கியது. மூத்த மகளுக்கு வர இயலவில்லை, ஆனால் எங்கள் வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று அப்பா பயிற்றுநரிடம் தமது நல்ல ஆங்கிலத்தில் விளக்கினார். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். விதிப்படி எனக்கு வயது போதாது. எனினும், சிறுமி நிற்பதில் தமக்கு ஆட்சேபமில்லை என்று எதிரணியினர் பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார்கள்.

மறுத்தவள் அக்காவின் அணித் தலைவி. பற்களுக்குக் கம்பி போட்டிருந்த, நெடிய பெண். தட்டு வைத்து முடிந்ததும் வந்துவிடுவேன் என்று அக்கா காலையில் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். அவள் வரும்வரை அந்த இடம் அப்படியே இருக்கட்டும், நாங்கள் ஆறு பேராக ஆடுகிறோம் என்றாள். மற்ற ஐவரும் போய் அவரவர் இடத்தில் நின்றார்கள்.

நான் மைதானத்து ஓரமாகக் கிடந்த வாங்கில் அமர்ந்து அழுதேன். காலியாக விட்ட பக்கத்தால் பந்து போகும்போதெல்லாம், என்னை விட்டிருந்தால் மறித்திருப்பேன் என்று மனதார நம்பினேன். ஒவ்வோர் இடைவேளையிலும் அவர்கள் தண்ணீரைத் தொடுமுன் வாசலைப் பார்த்தார்கள். ஐந்து கோல்களால் தோற்றார்கள்.

இருட்டும் வேளையில் அக்கா வீடு திரும்பினாள். சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை. மதியம் முதல் அதைப் போட்டபடியே மண்டபத்து வாசலில் நின்றாளாம். படம் எடுத்து முடியாமல் யாருக்கும் அவளைக் கூட்டிப்போக வசதிப்படவில்லை.

“என்ர இடத்தில ஆர் நிண்டது?” என்று கேட்டாள்.

“ஒருத்தரும் நிக்கேல்லை. என்னையும் விடேல்லை. நீ வருவாய் வருவாய் எண்டு சும்மா விட்டுட்டு ஆடினவை. தோத்ததுதான் மிச்சம். விசர்ப் பெட்டையள்!”

அக்கா படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்து, இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோல்விக்காக அழுகிறாள் என்று எண்ணி, “அடுத்த வருசம் வெல்லலாம் அக்கா,” என்றேன். அடுத்த வருடம் பள்ளிச் சோதனையைக் காரணம் காட்டி அப்பா அவளைக் கழகத்திலிருந்து நிறுத்திவிட்டார். அவள் வாதாடவில்லை.

தோற்போம் என்று தெரிந்தே ஒருத்தியின் இடத்தை ஆறு பேர் அவளுக்காக வைத்திருப்பது என்னவென்று பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால், படிக்கட்டில் அவளருகே பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.

அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். அக்கா நோயில் போய் மூன்று வருடங்களாகின்றன. குட்மேய்ஸ் வீட்டில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்.