பிளக்கில் நான் வெட்டிய எர்த் கால்

அன்று வீட்டில் இருந்தது மூன்றே பேர்: நான், என் மனைவி செல்வி, கல்யாண வீடியோ எடிட் செய்து சம்பாதிக்கும் மகள் ஸ்டெல்லா. அவளுடைய பழைய கம்ப்யூட்டருக்குப் யாரோ பாவித்துக் கழித்த கிராபிக்ஸ் கார்டும், அதற்கேற்ற பவர் சப்ளையும் ஹட்டனில் கடனுக்கு வாங்கி வந்து அவளே பூட்டினாள். பிளக்கில் மூன்று கால். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுச் சுவரிலோ இரண்டு ஓட்டைதான். மூன்றாவது காலை வெட்டக் குறடு எடுத்தேன்.

“அப்பா, அது எர்த்து. வெட்டாதீங்க.”

“லயத்துல எல்லாரும் வெட்டித்தாம்மா சொருகுறாங்க.”

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான், அன்று கார்டு எரிந்துவிடுமோ என்றுதான் பயந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு எர்த் எதற்கென்று தெரியாது. வெட்டிச் சொருகி, சுவிட்சைப் போட்டேன்.

வெளியே பீலித் தண்ணீரில் கை கழுவி வந்த செல்வி, “இந்தத் தகரத்துக்கா இவ்வளவு காசு?” என்று ஈரக்கையைக் கம்ப்யூட்டர் பெட்டியில் வைத்தாள். கை ஒட்டிக்கொண்டது. சத்தமே வராமல் என்னையே பார்த்தாள். ஸ்டெல்லா சுவிட்சை அணைத்த பிறகுதான் கை விடுபட்டுச் செல்வி கீழே விழுந்தாள்.

பவர் சப்ளையில் ஒழுகிய கரண்ட், போக வழியின்றிப் பெட்டியில் நின்றதாம். பிறகு வந்து பார்த்த வயரிங் வேலைக்காரர் சொன்னார்.

“கொழுந்து எடுக்குற கை, அவ்வளவு லேசுல போவாது” என்று செல்வி சிரிக்கிறாள். எனக்குத்தான் அந்தப் பார்வை மறையவில்லை. எர்த்தும் வேறு பவர் சப்ளையும் போட்டாகிவிட்டது. ஆனாலும் தினமும் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே பெட்டியருகே யாரையும் விடுகிறேன். அந்தப் பவர் சப்ளையைத் தூக்கி எறிந்துவிட்டோம். அதற்கு இன்னும் ஒன்பதாயிரம் ரூபா பாக்கி.