முட்டை ஓட்டுக்காரர்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘உலை அக்கா’ என்றுதான் பெயர். முட்டை ஓட்டைப் பொடித்து, உலையில் சுட்டு, வெள்ளை வெளேரென்று ஒரு தூள் எடுப்பாள். பொரித்துக் கறுத்த எண்ணெயை வண்டிக்கு எரிபொருளாக மாற்றும்போது அந்தத் தூளைக் கொஞ்சம் போட்டால் வேலை மளமளவென்று நடக்கும். பிறகு வடிகட்டி எடுத்து மறுபடியும் போடலாம். வினையூக்கி என்பார்கள். முன்பெல்லாம் இதற்குக் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றி, கழுவிக் கழுவிச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஓடு அத்தனையும் அவள் வீட்டுக்காரரின் ஆம்லெட் கடையிலிருந்து வந்தது. ஓட்டின் உள்பக்கத் தோலோடு சுட்டால் உலை நாறிப்போகும். அதனால் மனுஷன் கடையை மூடிவிட்டு வந்து, டிவி பார்த்தபடி ஒவ்வொரு ஓடாகத் தோலை உரிப்பார்.

“ஊர்ல அவனவன் பொண்டாட்டிக்கு நகை வாங்கித் தர்றான். நான் குப்பையை வாரித் தர்றேன் பாரு!” என்று சிரிப்பு வேறு.

தினமும் உரித்த ஓட்டை ஒரு வாளியில் அவளே தூக்கிக்கொண்டு போவாள். பெரிய கம்பெனி ஆட்கள் பார்க்க வந்த அன்று, பதற்றத்தில் வாளியை வீட்டிலேயே வைத்துவிட்டாள். உலையில் போட ஓடு இல்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது கதவு திறந்தது. வாளி வீட்டிலேயே இருப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்! எண்ணெய்ப் பிசுக்குச் சட்டை, கையில் வாளி, வாயெல்லாம் பல்.

“இவர் யாரு?” என்றார் வந்தவர்களில் ஒருவர்.

“முட்டை ஓடு கொண்டுவந்து போடுறவர், சார்.”

கூசாமல் சொல்லிவிட்டாள். பாழாய்ப்போன வாய்! அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே அணைந்தது.

“இங்கயே வச்சுட்டுப் போகட்டுங்களா, மேடம்?” என்றார். வைத்தார், போய்விட்டார்.

அன்று உலை நன்றாக எரிந்தது, வந்தவர்கள் பாராட்டினார்கள். அவளுக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்தால், அவர் வழக்கம்போல ஓட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க?”

“பேச என்ன இருக்கு? சாப்பிடு.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், வெட்கம் விடவில்லை. விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள். விடிந்தபோது அவரும் இல்லை, வாளியும் இல்லை.

வாளி ஆய்வுக்கூட வாசலில் இருந்தது. ஒரு ஓட்டிலும் துளித் தோல் இல்லை.

“ஓட்டுக்காரர்னு சொல்லிக்கிட்டு ஒருத்தர் வச்சுட்டுப் போனாரும்மா,” என்றார் காவல்காரர். “உலை அக்காவுக்குப் போன் போடவான்னு கேட்டேன். ‘வேணாம், அவங்களை எனக்குப் பழக்கமில்லை’ன்னுட்டார்.”

அவளுக்குக் காது வரைக்கும் சுட்டது.

“அவர் என் வீட்டுக்காரருங்க.”

“அட! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ரெண்டு பேரும்!”

“அவர் மேல தப்பில்லைங்க,” என்றாள். “நேத்து உள்ள, இவர் யாருன்னு கேட்டாங்க. நான்தான் சொல்லல.”

வாளியைத் தூக்க அவளுக்குக் கை வரவில்லை.