உத்திரத்தின் கீழே நின்றவர்

மூன்று வருடங்களுக்கு முன், தைப்பொங்கலுக்கு முந்தைய வாரம். பாரிஸ் லா சப்பலில், ரூ காய் என்ற தெருவில் இருக்கும் என் பலசரக்குக் கடையில் நடந்தது இது.

கடைக்குக் கீழே ஒரு நிலவறை உண்டு. அதன் கூரையைத் தாங்கும் இரும்பு உத்திரம் ஈரத்தில் துருப்பிடித்து மெலிந்துவிட்டது. எஞ்சினியர் வந்து பார்த்து, அடியில் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொன்னார். கட்டடத்தின் நாலு மாடியும் அதன் மேல்தான். பாரம் இருக்கும்போதே வேலை நடந்தாக வேண்டும்.

வெல்டிங் செய்ய வந்தவர் மன்னார்க்காரர், பாரிஸின் புறநகரான ஸ்தேனில் குடியிருப்பவர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர்.

"அண்ணை, வீட்டின்ரை பாரத்தை எங்களாலை இறக்கேலாது. உங்கடை சாமானை இறக்கலாம்தானே. நெருப்புப் பட்டால் இரும்பு இளகும். நான் முடிக்குமட்டும் மேலை ஒரு மூட்டையும் வரக்கூடாது" என்றார்.

சரியென்று கடையைப் பூட்டி, எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினேன். அவர் உத்திரத்துக்கு இரண்டு தாங்குகால்கள் கொடுத்தார். அது வளைகிறதா என்று காட்ட, முள் வைத்த ஒரு சின்ன அளவியையும் பொருத்தினார். நாலு விரல் நீளம் ஒட்டுவார், ஆறவிடுவார், பிறகு வேறிடத்தில் ஒட்டுவார்.

காலை பத்து மணியிருக்கும். மறுநாள் வரவேண்டிய அரிசி லொறி வாசலில் வந்து நின்றது. ஒடுங்கிய தெரு. பின்னால் கார்கள் ஹோர்ன் அடிக்க, சாரதி கத்தினார். ஐந்து நிமிடம்தானே, பிறகு எடுத்துவிடலாம் என்று கதவைத் திறந்துவிட்டேன். காலடியில் வெல்டிங் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. கேட்டபடியேதான் இருபது மூட்டைகளை அடுக்குவித்தேன்.

சத்தம் நின்றது. அவர் படியேறி வந்தார்.

"அண்ணை, முள்ளு அசைஞ்சது. மேலை என்ன வைச்சனீங்கள்?"

"ஒண்டுமில்லை" என்றேன். மூட்டைகள் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.

அவர் அவற்றைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "கீழை நான் நிக்கிறன் எண்டு நினைக்கேல்லையோ?"

அவர் முகமூடியை வைத்துவிட்டு, முதல் மூட்டையைத் தோளில் தூக்கினார். எதிர்ப்பக்கத்துச் சேலைக்கடை அக்கா கதவைத் திறந்துவிட, அவரும் நானுமாக எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் வைத்தோம்.

மதியம் எஞ்சினியர் வந்து அளந்தார். தாங்குகால்கள் இருந்ததால்தான் தப்பியது என்றார். யார் பாரம் ஏற்றியது என்று கேட்டார். மன்னார்க்காரர் பதில் சொல்லாமல் உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்று புரிந்தது. என் அரைகுறை பிரெஞ்சில் நானே நடந்ததைச் சொன்னேன்.

அடுத்த நாள் வேலை முடிந்தது. புறப்படும்போது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கும் ரெண்டு பிள்ளையள், அண்ணை" என்றார், அவ்வளவுதான்.

அன்று பட்ட பயம் எனக்கு எப்போதோ போய்விட்டது. என்னை நம்பித் தன் உயிரை ஒப்படைத்திருந்த ஒருவரின் முகத்தைப் பார்த்து, அவ்வளவு சுலபமாக "ஒண்டுமில்லை" என்று எப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இன்றைக்கும் என்னால் கடந்துபோக முடியவில்லை.